சிய்யான் நகரின் தொன்மைச் சின்னங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவின் ஷான்சி மாகாணத் தலைநகரான சிய்யான், சாங்கான் என்ற பெயரில் பேரரசுகளின் இருக்கையாக விளங்கிய ஊர். அங்கே செல்லத் திட்டமிடுவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. எதைப் பார்த்தாலும் அது எந்தக் காலத்தது, எது மூலம், எது புதிதாகக் கட்டியது என்பதைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்பதே இந்த விடைகள் முழுவதிலும் நாம் வற்புறுத்துவது.

சிய்யானும் சாங்கானும் ஒரே ஊர்தானா?

ஒரே சமவெளி, ஆனால் ஒரே நகரம் அன்று. வடக்கே வெய் ஆறும் தெற்கே சின்லிங் மலைத்தொடரும் காவல் நிற்கும் இந்தச் சமவெளியில் ஒவ்வொரு பேரரசும் தனக்கு வசதியான இடத்தில் தன் தலைநகரை எழுப்பிக்கொண்டது. மேலைச் சௌ மன்னர்களின் நகரங்கள் இன்றைய ஊருக்குத் தென்மேற்கில் இருந்தன. சின் பேரரசின் சியான்யாங் நகரம் வெய் ஆற்றின் வடகரையில் எழுந்து, பின்னர் ஆற்றைக் கடந்து தெற்கேயும் பரவியது. ஹான் பேரரசின் சாங்கான் இன்றைய ஊருக்கு வடமேற்கில் இருந்தது. கி.பி. 582இல் சுயி பேரரசர் அந்தப் பழைய நகரைக் கைவிட்டு, தென்கிழக்கே புதிதாக ஒரு நகரைத் திட்டமிட்டுக் கட்டினார். அடுத்து வந்த தாங் மரபினர் அதற்கே சாங்கான், அதாவது ‘நீண்ட அமைதி’ என்ற பழைய பெயரைச் சூட்டினர். ‘மேற்கின் அமைதி’ எனப் பொருள்படும் சிய்யான் என்ற பெயர் 1369இல் மிங் ஆட்சியில் வந்தது. பதின்மூன்று அரசமரபுகளின் தலைநகர் என்று உள்ளூர்க்காரர்கள் பெருமையோடு சொல்வது இத்தனை நகரங்களையும் ஒன்றாகச் சேர்த்துத்தான்.

அப்படியானால், புகழ்பெற்ற தாங் காலத்து நகரில் இன்று என்ன மிஞ்சியிருக்கிறது?

மிகக் குறைவு. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இராது. ஏறத்தாழ 84 சதுரக் கிலோமீட்டர் பரப்பில், சதுரங்கப் பலகையைப் போல 108 குடியிருப்புக் கட்டங்களாக வகுக்கப்பட்டு, நடுவே 150 மீட்டர் அகலமுள்ள நெடுஞ்சாலையும், இருபுறமும் கீழைச் சந்தையும் மேலைச் சந்தையுமாக, சுமார் பத்து லட்சம் மக்கள் வாழ்ந்த அந்த நகரம் பெரும்பாலும் மரத்தாலும் அடித்து இறுக்கிய மண்ணாலும் ஆனது. 904இல் சூ வென் என்ற படைத்தலைவர், பேரரசரையும் மக்களையும் லுவோயாங் நகருக்கு வலுக்கட்டாயமாகக் குடிபெயர்த்தபோது, மாளிகைகளையும் வீடுகளையும் பிரித்து, அந்த மரங்களை வெய் ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோனார். போரில் எரிந்துபோன நகரங்கள் பல உண்டு. உத்திரம் உத்திரமாகக் கழற்றி ஆற்றோடு அனுப்பப்பட்ட பெருநகரம் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

ஆகவே மிஞ்சியவை செங்கல், கல், மண் ஆகிய மூன்றால் ஆனவைதாம்: இரண்டு செங்கற்கோபுரங்கள், கல்லில் வெட்டிய எழுத்துகள், கல்லறை மேடுகள், மாளிகைகளின் மண் அடித்தளங்கள். நகரின் வடக்கே 3.2 சதுரக் கிலோமீட்டர் பரப்பிலிருந்த தாமிங் அரண்மனை 634இல் தொடங்கப்பட்டது. அது இன்று ஒரு பெரிய பூங்கா. மேடைகளும் தூண்கள் நின்ற இடங்களும் தெரியுமே தவிர, அரண்மனையைத் தேடினால் கிடைக்காது. பெரிய காட்டு வாத்துக் கோபுரத்துக்குத் தெற்கே இரவெல்லாம் விளக்கொளியில் மின்னும் ‘தாங் கால’ வீதி முழுக்க முழுக்க இக்காலக் கட்டுமானம். வாடகைக்கு எடுத்த பட்டாடையில் படமெடுத்துக்கொள்ள உகந்த இடம்தான், ஆனால் அதை வரலாற்றுச் சின்னங்களின் கணக்கில் சேர்க்க வேண்டாம். தாங் காலத்து மரக் கட்டடத்தைக் கண்ணால் காண வேண்டுமானால் அடுத்த மாகாணத்திலுள்ள வூதாய் மலைப் பக்கம்தான் போக வேண்டும்.

ஊரின் நடுவே உள்ள கோட்டை மதில் எந்தக் காலத்தது?

மிங் காலத்தது. முதல் மிங் பேரரசரின் ஆணைப்படி 1370க்கும் 1378க்கும் இடையே, தாங் நகரின் உட்பகுதி மதில் நின்ற அடித்தளத்தைப் பயன்படுத்தி, அதைவிடச் சற்றே பெரிதாக எழுப்பப்பட்டது. முதலில் வெறும் மண் மதிலாகவே இருந்தது; வெளிப்புறத்துக்குச் செங்கல் போர்த்தியது 1568இல். சுற்றளவு 13.74 கிலோமீட்டர், உயரம் 12 மீட்டர். மேற்புறம் 12 முதல் 14 மீட்டர் அகலம் இருப்பதால் தேரே ஓட்டலாம். பீஜிங் தன் மதில்களில் பெரும்பகுதியைக் கடந்த நூற்றாண்டின் நடுவில் இடித்துவிட்டது. சிய்யானிலும் அந்தப் பேச்சு எழுந்து, நல்ல வேளையாக அடங்கிப்போனது. 1961இல் இது தேசியப் பாதுகாப்புச் சின்னமானது.

மேலே ஏறியதும் மதிலிலிருந்து வெளிப்புறமாகத் துருத்திக்கொண்டிருக்கும் கொத்தளங்களை எண்ணிக்கொண்டே நடங்கள். மொத்தம் 98. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 120 மீட்டர். மதிலின் அடிவாரத்தை எதிரி அடைந்துவிட்டால் மேலிருந்து எட்டிப் பார்த்து அம்பெய்பவன் தன் தலையைக் கொடுக்க நேரும். ஆனால் இரண்டு கொத்தளங்களிலும் நிற்பவர்கள் பக்கவாட்டிலிருந்து அவனை வீழ்த்தலாம். 120இல் பாதி 60 மீட்டர், அம்பு தவறாமல் தைக்கும் தொலைவு. ஓர் ஊரின் தற்காப்புக் கணக்கு முழுவதும் அந்த இடைவெளியில் அடங்கியிருக்கிறது.

தெற்கு வாயிலான யோங்னிங் வழியாக ஏறுவதே நல்லது. மெட்ரோ நிலையமும் அருகிலேயே உண்டு. மேலே மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கும். முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். வழியில் நிழல் கிடையாது. கோடையில் நடுப்பகலைத் தவிர்த்து, மாலை வெயில் சாயும்போது ஏறுங்கள்.

மணிக்கூண்டும் முரசுக்கூண்டும் உள்ளே சென்று பார்க்கத்தக்கவையா?

வெளியிலிருந்து பார்த்தாலே போதும் என்பது எமது கருத்து. முரசுக்கூண்டு 1380இலும், மணிக்கூண்டு 1384இலும் கட்டப்பட்டவை. நகரின் மையம் நகர்ந்ததால் 1582இல் மணிக்கூண்டைப் பிரித்துக் கிழக்கே இப்போதைய நாற்சந்திக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே தொங்குவது மாதிரி மணிதான். 711இல் வார்க்கப்பட்ட, சுமார் ஆறு டன் எடையுள்ள மூல மணி, கற்பலகைக் காடு எனப்படும் காட்சியகத்தில் இருக்கிறது.

பெரிய காட்டு வாத்துக் கோபுரத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு?

நம் பள்ளிப் பாடங்களில் யுவான் சுவாங் என்று படித்த துறவியின் உழைப்பால் எழுந்த கோபுரம் என்பதால். எல்லை தாண்டக்கூடாது என்ற அரசாணையை மீறி மேற்கே புறப்பட்ட அவர், ஏறத்தாழ பதினாறு, பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு 645இல் இருபது குதிரைகளின் மேல் 657 நூல்களோடு சாங்கான் திரும்பினார். தடையை மீறிப் போனவரைப் பேரரசர் தைசோங் தண்டிக்கவில்லை. வரவேற்று, மொழிபெயர்ப்புக்கு ஆளும் இடமும் கொடுத்தார். பட்டத்து இளவரசர் தம் தாயாரின் நினைவாக 648இல் கட்டிய தாசியென் மடாலயம் யுவான் சுவாங்கின் பணியிடமாயிற்று.

கொண்டுவந்த ஏடுகள் தீக்கும் ஈரத்துக்கும் இரையாகிவிடக்கூடாதே என்ற கவலையில், 652இல் அவர் ஒரு கற்கோபுரம் கேட்டார். முந்நூறு அடி உயரக் கற்கோபுரம் எளிதில் முடியாது என்று கருதிய பேரரசர் காவ்சோங், செங்கல்லால் சற்றுச் சிறிதாகக் கட்டச் சொன்னார். ஐம்பது வயதை எட்டிய யுவான் சுவாங் தாமே கூடையில் செங்கல் சுமந்தார் என்று அவருடைய சீடர்கள் எழுதிய வரலாறு கூறுகிறது. உள்ளே மண்ணும் வெளியே செங்கல்லுமாக ஐந்து அடுக்குகளில் எழுந்த அந்தக் கோபுரம் அரை நூற்றாண்டுக்குள் சிதைந்துபோனது. பேரரசி வூ சேதியனின் காலத்தில், 701க்கும் 704க்கும் இடையே மீண்டும் கட்டப்பட்டது. இன்று நாம் காணும் வெளிச் செங்கல் உறை 1604இல் போர்த்தியது. இப்போது ஏழு அடுக்கு, ஏறத்தாழ 64 மீட்டர் உயரம். நிலத்தடி நீரை அளவுமீறி உறிஞ்சியதால் வடமேற்குப் பக்கமாக ஏறத்தாழ ஒரு மீட்டர் சாய்ந்தும் நிற்கிறது.

காட்டு வாத்து என்ற பெயருக்கு யுவான் சுவாங் மகதத்தில் கேட்டு எழுதிய ஒரு கதையைக் காரணமாகச் சொல்வார்கள். உணவுக்கு இறைச்சி கிடைக்காமல் அலைந்த துறவி ஒருவர், பறந்துபோகும் வாத்துக் கூட்டத்தைப் பார்த்து வேடிக்கையாக ஏதோ சொல்ல, அவற்றில் ஒன்று அவர் காலடியில் விழுந்து உயிர்விட்டது. மனம் மாறிய துறவிகள் இறைச்சியைக் கைவிட்டு, அந்தப் பறவையைப் புதைத்த இடத்தில் ஒரு தூபி எழுப்பினார்கள்.

உச்சிக்கு ஏறும் மரப்படிகள் குறுகலானவை, மேலிருந்து தெரிவதும் இன்றைய நகரம்தான். அந்த நேரத்தைக் கோபுரத்தின் தெற்கு வாயிலில் செலவிடலாம். அங்கே இருபுறமும் பதித்திருக்கும் கற்பலகைகள் இரண்டும் 653இல் சூ சுயிலியாங் என்ற எழுத்துக்கலைஞரின் கையெழுத்தில் வெட்டப்பட்டவை. அரசுத் தேர்வில் தேறியவர்கள் இந்தக் கோபுரத்தடியில் தம் பெயரை எழுதிவைப்பது தாங் காலத்து வழக்கம். கவிஞர் பாய் ஜுயி தேறியபோது, பெயர் எழுதிய பதினேழு பேரில் தாமே இளையவர் என்று ஒரு பாடலிலும் பெருமைப்பட்டுக்கொண்டார்.

சாங்கானுக்கும் தமிழகத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் இரண்டு வழியிலும். யுவான் சுவாங் 640ஐ ஒட்டிப் பல்லவர்களின் காஞ்சிபுரம் வரை வந்தார். அங்கே நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாகவும், நாலந்தாவின் பேராசிரியர் தர்மபாலர் பிறந்த ஊர் அதுவே என்றும் எழுதினார். அங்கிருந்து இலங்கைக்குக் கடல் கடக்க எண்ணியவர், அந்நாட்டில் பஞ்சமும் குழப்பமும் நிலவுவதாக அங்கிருந்து வந்த துறவிகள் சொல்லக் கேட்டு எண்ணத்தைக் கைவிட்டார். சாங்கானில் அவர் எழுத்தாக்கிய பயண நூலில் திராவிட நாட்டுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது.

அதற்கு முன்பே, ஹான் பேரரசின் வரலாற்று நூல் ‘ஹுவாங்சி’ என்ற தொலைதூரக் கடல்நாட்டைக் குறிப்பிட்டு, கி.பி. 2இல் அங்கிருந்து உயிருள்ள காண்டாமிருகம் அனுப்பப்பட்டதாகச் சொல்கிறது. அந்த நாடு காஞ்சியே என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள், மறுப்போரும் உண்டு. ஐயத்துக்கு இடமில்லாதது 720ஆம் ஆண்டுச் செய்தி. இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மனின் தூதர்கள் தாங் அரசவைக்கு வந்ததையும், அரபியரையும் திபெத்தியரையும் எதிர்க்கத் தன் யானைப்படையைப் பயன்படுத்த மன்னன் முன்வந்ததையும் தாங் ஆவணங்கள் பதிவு செய்துள்ளன. யுவான் சுவாங்கின் எலும்புகள் நகருக்குத் தெற்கே சிங்ஜியாவ் மடாலயத்தில், 669இல் எழுப்பப்பட்ட ஐந்து அடுக்குச் செங்கற்கோபுரத்தின் கீழ் அடங்கியுள்ளன. கூட்டமே இல்லாத இடம். காஞ்சியைப் பற்றி எழுதியவருக்கு ஒரு வணக்கம் சொல்ல நினைப்பவர்கள் அரை நாள் ஒதுக்கிப் போய்வரலாம்.

சிறிய காட்டு வாத்துக் கோபுரத்தையும் பார்க்க வேண்டுமா?

பெரியதைவிட எமக்குப் பிடித்தது சிறியதே. 707க்கும் 709க்கும் இடையே கட்டப்பட்ட இது, கடல்வழியாக இந்தியா சென்று 695இல் திரும்பிய இட்சிங் துறவி நூல்களை மொழிபெயர்த்த மடாலயத்தில் நிற்கிறது. மெலிந்து, நெருங்கிய அடுக்குகளோடு மேலே போகப்போக மெல்ல உள்வளையும் அதன் வடிவத்தைப் பழைய மரங்களினூடே பார்ப்பது தனி இன்பம். பதினைந்து அடுக்குகளாக இருந்தது இன்று பதின்மூன்று, உயரம் 43 மீட்டர். 1556 ஜனவரி 23 அன்று இந்தச் சமவெளியை உலுக்கிய நிலநடுக்கம் மேல் இரண்டு அடுக்குகளையும் வீழ்த்தியது. ஏறத்தாழ 8,30,000 பேர் மடிந்ததாகப் பதிவாகியுள்ள அந்த நிலநடுக்கமே வரலாறு அறிந்தவற்றில் மிகக் கொடியது. மென்மண்ணைக் குடைந்த குகைவீடுகளில் மக்கள் வாழ்ந்ததால்தான் சாவு அத்தனை பெரிதாயிற்று. அத்தகைய அதிர்ச்சியிலும் கோபுரம் இரண்டு அடுக்குகளை மட்டுமே இழந்தது.

சீன எழுத்து தெரியாதவர்கள் கற்பலகைக் காட்டில் என்ன பார்ப்பது?

வாசிக்கத் தெரியாவிட்டாலும் பார்க்க நிறைய இருக்கிறது. எமது தேர்வில் இந்த ஊரின் முதன்மையான இடமே இதுதான். ‘பெய்லின்’ என்று அழைக்கப்படும் இந்தக் காட்சியகம், 1087இல் பழைய கற்பலகைகளைக் காப்பதற்காக ஓரிடத்தில் சேர்த்ததில் தொடங்கியது. ஆள் உயரத்தையும் தாண்டிய கரும்பலகைகள் மரங்களைப் போல வரிசை வரிசையாக நிற்பதால் காடு என்ற பெயர். கல்வெட்டு என்றாலே கோயில் சுவரும் நிலக்கொடைச் செய்தியும் நினைவுக்கு வரும் நமக்கு, நூல்களையே முழுமையாகக் கல்லில் வெட்டி நிறுத்திய இந்த ஏற்பாடு வியப்பாக இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியவை 837இல் முடிக்கப்பட்ட கல் நூல்கள். கன்பூசிய மரபின் பன்னிரண்டு நூல்களும், 114 பலகைகளின் இரு முகங்களிலும், 6,50,000க்கு மேற்பட்ட எழுத்துகளில் வெட்டப்பட்டிருக்கின்றன. அச்சுப் பரவாத காலம் அது. கையால் படியெடுக்கும்போது பிழைகள் பெருகும். தேர்வு எழுதுவோரிடையே பாடபேதச் சண்டை வரும். எந்தப் பாடம் சரி என்று ஐயம் வந்தால் கல்லின் முன் வந்து நின்று ஒப்பிட்டுக்கொள்ளலாம். சுவடி பெயர்த்து எழுதியவர்களின் பிழைகளோடு மல்லுக்கட்டிய பதிப்பாசிரியர்களை அறிந்த தமிழருக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, 781ஆம் ஆண்டின் கிறித்தவக் கற்பலகை. ஆமையின் முதுகில் நிற்கும் இந்தப் பலகை, அலோபென் என்ற துறவி 635இல் சாங்கான் வந்ததிலிருந்து சீனத்தில் கிறித்தவம் பரவிய கதையைச் சொல்கிறது. உச்சியில் தாமரையின் மேல் சிலுவை இருக்கும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அடிப்பகுதியிலும் பக்கங்களிலும் சீன எழுத்துகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடும் வேறொரு எழுத்து, மேற்காசியக் கிறித்தவர்களின் சிரியாக். 1907இல் டென்மார்க் நாட்டவர் ஒருவர் இதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முயன்றார். அதிகாரிகள் தடுத்து, அவர் செய்வித்த நகலை மட்டும் அனுமதித்துவிட்டு, மூலத்தை அவசரமாக இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

பேரரசர் தைசோங் போர்க்களத்தில் ஏறிய ஆறு குதிரைகளின் புடைப்புச் சிற்பங்களில் நான்கும் இங்கே உள்ளன. மற்ற இரண்டும் கைமாறி அமெரிக்காவின் பிலடெல்பியா சேர்ந்துவிட்டன.

பலகைகளிலிருந்து மைப்படி எடுப்பதைக் காணும் வாய்ப்பு அமைந்தால் அவசரப்படாமல் நின்று பாருங்கள். நனைத்த மெல்லிய தாளைக் கல்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித்தட்டி எழுத்துக் குழிகளுக்குள் இறக்குவார்கள். பாதி காய்ந்ததும் துணிப்பொதியில் மை தொட்டு மேலே ஒற்றிக்கொண்டே போவார்கள். குழிக்குள் இறங்கிய தாளில் மை படாது. சற்று நேரத்தில் கறுப்புப் பரப்பில் வெள்ளெழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வரும்.

சுடுமண் படையை எப்படிப் பார்த்தால் முழுமையாகப் பார்த்ததாகும்?

நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், லின்தோங் பகுதியில் இருக்கிறது. 1974 மார்ச்சில் கிணறு வெட்டிய உழவர்களின் மண்வெட்டியில் தட்டுப்பட்டது இந்தப் படை. கி.மு. 221இல் சீனத்தை ஒன்றாக்கி முதல் பேரரசரான சின் ஷி ஹுவாங்கின் கல்லறை மேட்டுக்குக் கிழக்கே ஒன்றரைக் கிலோமீட்டரில், அவருடைய மறுமை வாழ்வுக்குக் காவலாகப் புதைக்கப்பட்டது.

பெரும்பாலோர் முதல் குழிக்குள் நுழைந்து, கம்பியோரம் முண்டியடித்துப் படம் எடுத்து, களைத்துப் போய்த் திரும்பிவிடுகிறார்கள். மூன்றாம் குழியில் தொடங்கி, இரண்டு, ஒன்று என்று வருவதே நல்லது என்போம். மூன்றாவது மிகச் சிறியது, படையின் தலைமையிடம். இரண்டாம் குழியில் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படவில்லை. கூரை உத்திரங்கள் மக்கி மண் கீழே அமிழ்ந்ததில் உண்டான அலையலையான தடம் அங்கே தெளிவாகத் தெரியும். படை எப்படிப் புதைந்தது என்பதை அந்த அலைகள் சொல்லிவிடும். அங்கேயே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் மண்டியிட்ட வில்வீரனின் பின்புறம் போய்க் குனிந்து பாருங்கள். செருப்பின் அடித்தையல் தெரியும்: விரற்பக்கமும் குதிகால் பக்கமும் தையல் நெருக்கம், நடுவில் கலைவு. மண்ணுக்குள் மறையப்போகும் பொம்மையின் உள்ளங்காலில் இந்தக் கணக்கைப் பார்த்தவன், அக்காலத்தில் தைத்த செருப்பை நன்றாகவே அறிந்தவன்.

அதன் பிறகு முதல் குழிக்கு வாருங்கள். 230 மீட்டர் நீளமும் 62 மீட்டர் அகலமும் உள்ள அந்த அரங்கின் கீழ் ஆறாயிரம் உருவங்கள் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். மூன்று குழிகளையும் சேர்த்தால் எட்டாயிரம். வெளியே எடுத்து ஒட்டி நிறுத்தியவை அவற்றில் ஒரு பகுதியே. பின்வரிசைகளில் தலையும் கையுமாக உடைந்து கிடப்பவையே உண்மையில் கண்டெடுக்கப்பட்ட நிலை. எல்லா உருவங்களும் முதலில் வண்ணம் பூசியவை. மண்ணுக்குள் ஈரத்திலிருந்த அரக்குப் பூச்சு வெளிக்காற்றில் சில நிமிடங்களில் சுருண்டு உதிர்ந்துவிட்டது. மீதியைத் தோண்ட அவசரப்படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மெட்ரோவின் 9ஆம் தடத்தில் ஹுவாசிங் வரை சென்று பேருந்தில் ஏறலாம். தாமாக வந்து பேசும் வாடகை வண்டிக்காரர்களில் சிலர் போலிக் காட்சிக்கூடங்களுக்கும் பொம்மைக் கடைகளுக்கும் அழைத்துப் போவதுண்டு; எச்சரிக்கையாக இருங்கள்.

பேரரசரின் கல்லறையை ஏன் இன்னும் திறக்கவில்லை?

திறந்தால் உள்ளிருப்பதைக் காக்கும் நுட்பம் இன்னும் கைவரவில்லை என்பதே முதன்மைக் காரணம். உள்ளே பாதரசத்தால் ஆறுகளும் கடலும் அமைத்ததாக வரலாற்றாசிரியர் சிமா சியென், பேரரசர் இறந்து நூறாண்டுக்குப் பின் எழுதினார். மேட்டு மண்ணைச் சோதித்தபோது இயல்பைவிட மிகுதியான பாதரசம் தெரியவந்தது. பார்வையாளருக்குத் தெரிவது மரங்கள் அடர்ந்த ஒரு மேடு மட்டுமே. ஆனால் அதே வளாகத்தில், 1980இல் கிடைத்த இரண்டு வெண்கலத் தேர்களுக்குத் தனிக் காட்சியகம் இருக்கிறது. உண்மை அளவில் பாதியான அந்தத் தேர்களை விட்டுவிடக்கூடாது.

ஹுவாசிங் வெந்நீர்ச் சுனைகளுக்குப் போகலாமா?

சுடுமண் படைக்குப் போகும் வழியிலேயே இருப்பதால் போகலாம், ஆனால் காணும் மாடங்களில் பெரும்பாலானவை இக்காலத்தவை. பழையவை, அகழ்ந்தெடுத்த கற்குளங்கள். 43 பாகை வெப்பமுள்ள சுனை நீரில் தாங் பேரரசர் சுவான்சோங்கும் அவருடைய காதலி யாங் குய்ஃபெயும் நீராடிய குளங்கள் அவை. காதலில் ஆட்சியை மறந்த பேரரசருக்கு 755இல் படைத்தலைவர் ஆன் லூஷானின் கலகம் வந்தது. அடுத்த ஆண்டு தப்பியோடும் வழியில், சொந்தக் காவற்படையின் வற்புறுத்தலால் அவள் உயிர் பறிக்கப்பட்டது. இதே ஹுவாசிங்கில் 1936 டிசம்பர் 12 அன்று சீனத் தேசியவாத அரசின் தலைவர் சியாங் கை ஷேக்கைச் சொந்தத் தளபதிகளே சிறைப்பிடித்தனர். பொதுவுடைமையரோடு சேர்ந்து ஜப்பானை எதிர்க்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. இரவுடையோடு அவர் ஓடி ஒளிந்த மலைச்சரிவும், துப்பாக்கிக் குண்டு துளைத்த அறைகளும் காட்டப்படுகின்றன.

பெரிய மசூதிக்குள் பிற சமயத்தார் செல்லலாமா?

தொழுகைக் கூடம் நீங்கலாக எங்கும் செல்லலாம். முரசுக்கூண்டுக்குப் பின்னால் முஸ்லிம் குடியிருப்பின் சந்தடியிலிருந்து ஒரு குறுகிய சந்தில் திரும்பினால், தோட்டமும் முற்றமுமாக அடுத்தடுத்து நீளும் அமைதியான வளாகம் வரும். 742இல் தொடங்கியதாக மரபுச் செய்தி. இன்றுள்ள கட்டடங்களில் மூத்தவை மிங் காலத்தவை. கவிமாடமோ உயர்ந்த மினாரோ கிடையாது. வளைந்த கூரையும் நீல ஓடும் எண்கோண மாடமுமாகச் சீனக் கோயிலைப் போலவே இருக்கும். திசையைக் கவனித்தால்தான் வேறுபாடு புரியும். சீனக் கோயில்கள் வடக்கு தெற்காக அமையும், இதுவோ மக்காவை நோக்கி மேற்கே திரும்பியிருக்கிறது.

தனியே ஒரு நாள் ஒதுக்கத்தக்க வெளியிடங்கள் எவை?

விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஹான் யாங்லிங்கைப் பரிந்துரைக்கிறோம். கி.மு. 141இல் இறந்த பேரரசர் ஜிங்கின் கல்லறைக் குழிகளைக் கண்ணாடித் தரையின்மேல் நடந்தபடியே காணலாம். அங்குள்ள மண்ணுருவங்கள் இரண்டடி உயரம்தான். துணி மக்கி ஆடையின்றியும், மரக்கை மக்கிக் கையின்றியும் நிற்கும். பக்கத்தில் பன்றி, ஆடு, நாய் வரிசைகள். சின் பேரரசர் படையைப் புதைத்தார், இவர் தொழுவத்தைப் புதைத்தார். மேற்கே ஃபாமென் மடாலயத்தில், 1981இல் கோபுரம் இடிந்து, 1987இல் அடியறையைத் திறந்தபோது புத்தரின் விரலெலும்பு எனப் போற்றப்படுவதும் தாங் காலப் பொன், வெள்ளிக் கலங்களும் கிடைத்தன. வடமேற்கே சியென்லிங்கில் பேரரசி வூ சேதியனின் எழுத்தில்லாக் கற்பலகையும், தலையிழந்த 61 அயல்நாட்டுத் தூதர் சிலைகளும் நிற்கின்றன.

எத்தனை நாள் வேண்டும், எப்போது போகலாம்?

நகருக்கு மூன்று நாள், வெளியிடங்களுக்கு ஒரு நாள். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் நல்லவை. மே தின விடுமுறையும் அக்டோபர் முதல் வாரத் தேசிய விடுமுறையும் கட்டாயம் தவிர்க்க வேண்டியவை. பெரிய இடங்கள் அனைத்துக்கும் கடவுச்சீட்டு எண்ணோடு இணையத்தில் முன்பதிவு தேவை. ஷான்சி வரலாற்று அருங்காட்சியகத்தின் இலவச நுழைவுச்சீட்டு வெளியான சற்று நேரத்திலேயே தீர்ந்துவிடும். 1970இல் ஹெஜியா சிற்றூரில் கிடைத்த புதையலின் விலங்குத்தலை அகேட் கிண்ணம் அங்கேதான் இருப்பதால், பதிவு கிடைக்கும் நாளை வைத்து மற்ற நாள்களைத் திட்டமிடுவதே அறிவுடைமை.

சைவ உணவு கிடைக்குமா?

சொல்லிக் கேட்டால் கிடைக்கும். இந்த ஊரின் பெயர்பெற்ற உணவு ஆட்டிறைச்சிச் சாறில் ரொட்டியைப் பிய்த்துப் போடும் பாவ்மோ. உண்பவரே கட்டி ரொட்டியைச் சுண்டல் கடலை அளவுக்குப் பொறுமையாகப் பிய்த்துக் கொடுத்தால்தான் சமையல்காரர் கிண்ணத்தை வாங்கிக்கொள்வார். சைவர்கள் லியாங்பி என்ற குளிர்ந்த மாவுப்பட்டையையும், இடைவார் அகலத்துக்கு இழுத்த பியாங்பியாங் நூடுல்ஸை இறைச்சி இல்லாமலும் கேட்கலாம். மரக்கறி மட்டும் போட்டதிலும் சாறு இறைச்சியுடையதாக இருக்கக்கூடும். ‘இறைச்சி, மீன், எலும்புச்சாறு வேண்டாம்’ என்ற வாசகத்தைச் சீன எழுத்தில் கைப்பேசியில் வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

ஊருக்குக் கொண்டுவர என்ன வாங்கலாம்?

கற்பலகைக் காட்டை ஒட்டிய ஷுயுவான்மென் வீதியில் தூரிகை, மைக்கட்டி, மைக்கல், மைப்படி எல்லாம் கிடைக்கும். மைப்படி வாங்கினால் மூலக் கல்லிலிருந்து எடுத்தது என்ற கடைக்காரரின் பேச்சை நம்பி அதிக விலை கொடுக்க வேண்டாம். விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் நகல் கற்களில் எடுத்தவை. அவற்றுள்ளும் விளிம்பு தெளிந்து, மை சீராகப் பரவியதாகத் தேர்ந்தெடுத்து, மடிக்காமல் குழாயில் சுருட்டித் தரச் சொல்லுங்கள்.